வளைவுக்குப் பதிலாக ஒரு பொம்மை

என் மனைவியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே நர்ஸ்கள் பலர் இருந்தாலும், முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல் வெறும் சிஸ்டர் என்றால் அது இவள்தான். தலைமை நர்ஸ். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குத் தொழில் பழக்குவதும் இவள் பொறுப்பு. எனக்குத் தையல் கடை. ஆஸ்பத்திரி வாசலும் என் கடை வாசலும் நேருக்கு நேர் என்பதால், அவள் அங்கிருந்து முறைத்தால் இங்கே என் விரலில் ஊசி ஏறும்.

இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. அதற்காக விழா மலர் ஒன்று போடுகிறார்களாம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆள் இல்லை அவள். நல்லதாகவே எழுத வேண்டும் என்ற கட்டாயமும் புருஷனுக்குக் கிடையாது. அந்தப் பயிற்சிப் பொம்மை ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதித் தருகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் எனக்குக் காகிதம்தான் நஷ்டம்.

முதலில் அவளுடைய ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், நெஞ்சைப் பார்ப்பாள். என் தம்பியின் கல்யாணத்தில் அவனுடைய மாமனாரை அப்படி உற்றுப் பார்த்தாள். சட்டையில் ஏதோ கறை பட்டுவிட்டது என்று நினைத்து, அந்த மனிதர் விருந்து முடியும்வரை குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அவள் தேடியது வேறு. இந்த ஆள் இப்போது மயங்கி விழுந்தால் எந்த இடத்தில் கையை வைத்து அமுக்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதயம் நின்றுபோனால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேகமாக, விடாமல் அமுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. எவ்வளவு ஆழம் அமுக்குவது என்பது கைக்குத் தெரிய வேண்டும்; வாய்க்குத் தெரிந்து பயனில்லை. அதைப் பழகுவதற்கென்றே பொம்மை இருக்கிறது. சரியாக அமுக்கினால் உள்ளே ‘டக்’ என்று சத்தம் வரும், தோள் பக்கம் பச்சை விளக்கு எரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் அது மட்டும் இல்லை. மற்றபடி நன்கொடை கொடுத்தவர் பெயர் எழுதிய கடிகாரம் எல்லாச் சுவரிலும் இருந்தது. பெயர் எழுதிய பெஞ்சு இருந்தது, பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. கொடுக்கிறவர்கள் நாலு பேர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பயிற்சி அறைக்குள் பூட்டி வைக்கிற பொம்மையில் பெயர் எழுதினால் யார் பார்ப்பது?

அதனால் அவள் எங்கள் வீட்டில் கை வைத்தாள். முதலில் தலையணைகள் போயின. தலையணை அமுக்கினால் அமுக்கிய இடத்திலேயே கிடந்தது, திரும்பி மேலே வரவில்லை. அடுத்து, என் கடை வாசலில் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனாள். அது அமுங்கவே இல்லை, விரிசல் விட்டது. அன்றிலிருந்து அதன் கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டே வைத்திருக்கிறேன். பிறகு என்னையே கூட்டிப்போய் மேசையில் படுக்க வைத்து, பெண்களுக்கு இடம் காட்டினாள். எனக்கு இதயம் ஓடிக்கொண்டிருப்பதால் அமுக்கக் கூடாதாம். அதைச் சொன்னபோது அவள் குரலில் லேசாக ஒரு குறை தெரிந்தது.

கடைசியில் நானே ஒரு பொம்மை தைத்துக் கொடுத்தேன். பழைய போர்வைத் துணி, உள்ளே வெட்டுத்துணி, நெஞ்சுக்குள் சைக்கிள் சீட்டின் சுருள் கம்பி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளே திடமான ஒரு பெண் வந்து அமுக்கினாள். கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு எகிறி, பெயர் எழுதிய கடிகாரங்களில் ஒன்றை உடைத்தது. கொடுத்தவர் வீட்டுக்கு அந்த விஷயம் இன்னும் தெரியாது.

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இரும்புக்கடைப் பெரியவர் இறந்தார்.

மூச்சு வாங்குகிறது என்று மனைவியோடு வந்திருந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மா மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போனார். பெரியவர் அப்படியே சாய்ந்து தரையில் விழுந்தார். பக்கத்தில் இருந்தது ஒரு புது நர்ஸ். புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள் என்பதால் அவளுக்கு மனப்பாடம் என்று பட்டப்பெயர். ஓடி வந்து மண்டியிட்டாள். கையைத் தூக்கினாள். கை அவர் நெஞ்சுக்கு மேலே வந்து அங்கேயே நின்றுவிட்டது. வாய் மட்டும் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து என் மனைவி இறங்கி ஓடிவந்து அவளைத் தள்ளிவிட்டு அமுக்கினாள். பயனில்லை, காலம் கடந்துவிட்டது. எங்களால் ஆனதெல்லாம் செய்தோம் என்று தலைமை டாக்டர் அந்தக் குடும்பத்திடம் சொன்னார். பெரியவர் விழுந்தபோது அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது என்றே எல்லோரும் நினைத்தோம்.

அன்று வீட்டுக்கு வந்த என் மனைவி தட்டில் கை வைக்கவில்லை.

“அவ மேல தப்பு இல்லீங்க,” என்றாள். “தலையணைய அமுக்கப் பழக்கினது நான்தானே. மனுஷன் தலையணையா? எலும்பு உடைஞ்சிடுமோன்னு பயந்துட்டா.”

மனப்பாடம் அதற்குப் பிறகு நோயாளிகள் பக்கமே வரவில்லை. துணிக்கிடங்கில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையையே விட்டுவிடப் போவதாகவும் பேச்சு.

“ஒரே ஒரு தடவை அவ கைக்குச் சரியா வந்துட்டாப் போதும், நின்னுடுவா. பொம்மை வரலேன்னா அவ போயிடுவா. அடுத்து இன்னொருத்தி வருவா, அவளும் இப்படித்தான் கையத் தூக்கிக்கிட்டு நிப்பா. நான் அதப் பார்த்துட்டு ரிட்டையராகணுமா?” என்று என்னைக் கேட்டாள். நான்தான் ஏதோ பொம்மைக் கம்பெனி வைத்து நடத்துகிற மாதிரி.

நேரம் வந்தது. பெரியவரின் மகன், இப்போதைய இரும்புக்கடை முதலாளி, அப்பா நினைவாக ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தார். தலைமை டாக்டர் அதற்குள் ஒரு வளைவுக்குப் படமே வரைந்து வைத்திருந்தார். வாசலில் உயரமாக ஒரு வளைவு, இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் பெரியவர் பெயர். என் மனைவி டாக்டரிடம் போய், அதே பணத்துக்குப் பொம்மை வாங்கலாமே என்று கேட்டாள்.

“பொம்மை கேட்டா, இத்தனை நாள் எத வெச்சுப் பழகினீங்கன்னு திருப்பிக் கேப்பாங்க சிஸ்டர்,” என்றார் அவர். “வளைவு கேட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் வாயை மூடினால் நான் ஜாக்கிரதையாகிவிடுவேன்.

“ஏங்க, இரும்புக்கடைக்காரர் உங்ககிட்டதானே சட்டை கொடுத்திருக்காரு?”

“ஆமா. நாளைக்குக் காலைல டிரையல்.”

“குண்டூசி போதுமான அளவு இருக்கா?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்.”

எனக்குத் தெரிந்து அவள் எதையும் சும்மா கேட்டதில்லை. மறுநாள் முதலாளி வந்தார். தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்ட சட்டையை மாட்டி, காலரில் ஊசி குத்தினேன். அக்குள் இரண்டிலும் குத்தினேன். விலாப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் குத்தினேன். கைமுட்டிக்கு ஊசியே தேவையில்லை, இருந்தாலும் குத்தினேன்.

“கையத் தூக்காதீங்க முதலாளி, குத்திடும். திரும்பவும் வேண்டாம்.”

டிரையல் சட்டையில் ஊசியோடு நிற்கிற மனிதர் எங்கே போய்விட முடியும்? எதிர்ச்சாரியிலிருந்து என் மனைவி நிதானமாகச் சாலையைக் கடந்து வந்தாள்.

“வணக்கம் சார். வளைவு வைக்கப் போறீங்களாமே, சந்தோஷம். எந்தப் பக்கம் பார்த்து வைக்கறீங்க?”

“ரோட்டப் பார்த்துத்தான் சிஸ்டர்.”

“உயிரக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள ஓடி வர்றவங்க அண்ணாந்து பார்ப்பாங்களா?”

அவர் தோளைக் குலுக்கப் போய், “ஸ்ஸ்” என்றார். “திரும்பிப் போறப்ப பார்ப்பாங்க.”

“திரும்பிப் போறப்ப பில்லப் பார்த்துக்கிட்டுப் போவாங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டு இல்லாத மடிப்பு ஒன்றைச் சரிசெய்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா பேரு எழுத்துல இருந்தாப் போதுமா, யாராவது வாயால சொல்ல வேண்டாமா?”

“யாரு சொல்லுவாங்க?”

“எங்க பொண்ணுங்க சொல்லுவாங்க. மயங்கி விழுந்தவங்க நெஞ்சுல கை வைக்கறதுக்கு முன்னாடி, தோளத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுதான் முதல் பாடம். அதப் பழக ஒரு பொம்மை வேணும் எங்களுக்கு. அதுக்கு உங்க அப்பா பேர வெச்சா, பழக வர்ற ஒவ்வொரு பொண்ணும் அவரத்தான் கூப்பிடும். நான் போன பிறகும் கூப்பிடும்.”

அவர் முகம் கனிந்தது. ஆனால் வியாபாரி, சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் வாங்குவாரா?

“கூப்பிட்டுட்டு நெஞ்சுல அமுக்குவாங்க, இல்லையா? எங்கப்பாவயா அமுக்குவாங்க?”

“கூப்பிட்டும் எழுந்திரிக்காதவர அப்படியே விட்டுட்டுப் போகவா சார்?”

அவர் குனிந்து விலாப் பக்கத்து ஊசி வரிசையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அன்னைக்கு அப்பாவுக்கு இதெல்லாம் செஞ்சீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார்.

என் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது.

“செஞ்சேன் சார். நான் மாடியில இருந்தேன். இறங்கி வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு.”

பொய் சொல்லவில்லை. முழுதாகவும் சொல்லவில்லை. அவர் பொம்மைக்குச் சம்மதித்து, நான் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவர் கிளம்பிப் போன பிறகும் அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெயித்த முகமாக அது இல்லை.

“அந்தப் பொண்ணு கை வைக்காம நின்னத முன்னாடியே சொன்னா கோவத்துல எதுவும் குடுக்க மாட்டாரு. பொம்மை வரட்டும். திறக்கற அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்,” என்றாள்.

பொம்மை வந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதலாளி அதிர்ந்து போனார். தலை, தோள், நெஞ்சு, வயிறு. அதோடு சரி.

“கால் எங்க?”

“இதயம் காலுல இல்ல சார்.”

“அதுக்காக எங்கப்பா பேருல பாதி ஆளா? பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? திருப்பி அனுப்புங்க. வளைவே கட்டிக்கலாம்.”

தலைமை டாக்டர் சுருட்டி வைத்திருந்த படத்தைத் தேட ஆரம்பித்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு வீட்டில் வாழ்க்கை நடத்த வேண்டும் அல்லவா, “காலு நான் தெச்சுத் தரேன் முதலாளி,” என்றேன்.

தைக்க உட்கார்ந்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர் என் பழைய வாடிக்கையாளர். பேண்ட்டைத் தொப்புளுக்கு மேலே ஏற்றித்தான் போடுவார். கீழே அகலம் வேண்டும். இடுப்பில் சில்லறைக்குத் தனியாக ஒரு குட்டிப் பை வேண்டும். அவர் அளவு என் கைக்கு மறக்கவில்லை. கால்களுக்குப் பஞ்சடைத்து, அதே மாதிரி பேண்ட் போட்டேன். மேலே அவர் போடுகிற அரைக்கைச் சட்டை, இரண்டு பாக்கெட். நெஞ்சு சட்டென்று திறக்க வேண்டும் என்று அவள் சொன்னதால் பட்டனுக்குப் பதிலாக டிச் பட்டன் வைத்தேன். ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் வந்து பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

“ஏங்க, அவரே வந்து படுத்திருக்காரு.”

“நல்லா இருக்கா?”

“பயமா இருக்கு.”

எல்லாப் பெண்களும் அதில் பழகினார்கள். ஐயா, ஐயா, கேக்குதா என்று தோளைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘டக் டக்’ என்று அமுக்கினார்கள். மனப்பாடத்தை உள்ளே வரவழைக்க என் மனைவி வேண்டுமென்றே அறைக்கு அடிக்கடி புது விரிப்பு கேட்டாள். அவள் கொண்டு வந்து வாசலோடு வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தப் பேண்ட்டும் சட்டையும் கண்ணில் பட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திறப்பு விழா முடிந்ததும் வேலையை விடுகிறேன் என்று அன்றே சொல்லி அனுப்பினாள். யாருக்காகப் பொம்மை கேட்டோமோ, அவள்தான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. என் கைவண்ணம் காரியத்தைக் கெடுத்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் அது எனக்கு நன்றாகவே உணர்த்தப்பட்டது.

திறப்பு நாள். பயிற்சி அறையில் நெரிசல். பொம்மையைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முதலாளியும் அவர் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். தலைமை டாக்டர் நீளமாகப் பேசினார். பயிற்சிப் பொம்மை வேண்டும் என்பது தம்முடைய நெடுநாள் கனவு என்றார். என் மனைவி கடையில் சொன்னபடியே பேச எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா எழுந்து பொம்மையிடம் போய்விட்டார்.

குனிந்து சட்டைக் காலரைத் தொட்டார். பேண்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் மேல ஏத்தி விட்டிருக்கலாம்,” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

“யாரு செஞ்சு காட்டப் போறாங்க சிஸ்டர்?”

என் மனைவி அந்தத் திடமான பெண்ணைக் காட்டினாள்.

“அவ வேண்டாம். கதவுகிட்ட துணிய வெச்சுக்கிட்டு நிக்கறாளே, அவ வரட்டும்.”

எல்லோரும் திரும்பினார்கள். மனப்பாடம் விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு வராதும்மா,” என்றாள்.

“அன்னைக்கு வரல. நான்தான் பார்த்தேனே. ஜன்னல்கிட்டேருந்து பார்த்துக்கிட்டே நின்னேன். கைய அவரு மேல வரைக்கும் கொண்டு வந்த, வைக்கல.”

“என்னம்மா சொல்ற?” என்று முதலாளி எழுந்துவிட்டார். தலைமை டாக்டர் குடிக்கத் தண்ணீர் தேடினார்.

“உண்மைதான் சார்,” என்றாள் என் மனைவி. “அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இப்ப சொல்லத்தான் எழுந்தேன். அவளுக்குச் சரியாப் பழக்கித் தராதது நாங்கதான்.”

அந்த அம்மா இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. மனப்பாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர நெனச்சாலே எனக்கு அவரு முகம் வரமாட்டேங்குதும்மா. வைக்காம நின்ன உன் கைதான் வருது. அத இறக்கி வெச்சுக் காட்டு. நான் பார்த்துட்டுப் போறேன்.”

அந்தப் பெண் விரிப்புகளை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மண்டியிட்டாள். தோளைத் தட்டினாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. இரண்டாம் தடவை அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையை வைத்து அமுக்கினாள். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை.

“முழங்கைய மடக்காத. தோளுலேருந்து இறக்கு. பயப்படாத,” என்றாள் என் மனைவி. அவளும் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

டக்.

பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் டக். மனப்பாடம் அழுதுகொண்டே அமுக்கினாள். அழுகையால் வேகம் குறையவில்லை.

“அன்னைக்கு இப்படி அமுக்கியிருந்தா பொழச்சிருப்பாரா சிஸ்டர்?” என்று அந்த அம்மா கேட்டார்.

என் மனைவி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியலம்மா. பொழைக்கறதுக்கு ஒரு வழி இருந்திருக்கும்.”

அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார். முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. தலைமை டாக்டரைப் பார்த்து, “எங்ககிட்ட மறைச்சுட்டு வளைவு கட்டச் சொன்னீங்களா?” என்று கத்த ஆரம்பித்தார்.

“கத்தறதா இருந்தா வெளிய போய்க் கத்து,” என்றார் அவர் அம்மா. “இந்தப் பொண்ணு வேலை செஞ்சுக்கிட்டிருக்கு.”

முதலாளி வெளியே போகவில்லை. அந்தப் பெண்ணின் கை தளர ஆரம்பித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவளுக்கு அடுத்து அமுக்குவதற்காக அப்பாவின் மறுபக்கம் போய் மண்டியிட்டார்.